‘மாத்திப் பாத்துடலாம் சார்’: ஐடில்ல உதறும் பழைய டர்போ காரும் கண்டுபிடிக்கக் கூலி இல்லாத ஒரு தொழிலும்

பழைய டர்போ பெட்ரோல் கார் ஒண்ணு. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னல்ல நின்னா உதறுது. ஸ்டியரிங் நடுங்குது, புகைக்குழாய்ல ‘டுப் டுப்’னு விட்டுவிட்டு சத்தம், டேஷ்போர்டுல மஞ்சள் லைட்டு. கிளட்சை விட்டு நகர்ந்தா எல்லாம் சரியாயிடுது. இந்தப் புகாரோட சிந்தாதிரிப்பேட்டை சந்துகள்ல இருக்கிற எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், ஏன், தி.நகர்லயோ அடையாறுலயோ கண்ணாடிக் கதவு போட்ட இடத்துக்குப் போனாலும், முதல்ல வர்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: “பிளக்கு, காயிலு மாத்திப் பாத்துடலாம் சார்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தினது. அதுல ‘மாத்தி’ முதல்ல வருது, ‘பாத்து’ பிறகு வருது. இந்த வரிசையைத்தான் விமர்சிக்கப் போறேன். மெக்கானிக்குகளைத் திட்டுறது நோக்கமில்லை. கடைசிப் பகுதிக்கு வந்தா, குற்றப்பத்திரிகையில நம்ம பேரும் இருக்கும்.

எந்தக் கார்?

நம்ம ஊர்ல ‘பழைய டர்போ’ன்னா பாதிப் பேருக்கு டீசல்தான் ஞாபகம் வரும். டாடா சஃபாரி, 2000களின் தொடக்கத்துல வந்த ஆக்சென்ட் சிஆர்டிஐ மாதிரி. டீசல்ல பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. அந்தக் கால டீசல்ல காத்தை அடைச்சு மட்டுப்படுத்துறதும் இல்லை. அதனால அங்க ஐடில் உதறல்னா வேற கணக்கு, இன்ஜெக்டர் கணக்கு. இங்க பேசப்போறது பெட்ரோல் டர்போ.

அதுக்கு இந்தியாவுல நல்ல உதாரணம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, 150 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வேகன், ஆடி குடும்பம் 1990களின் நடுவுல இருந்து பல கார்கள்ல போட்ட அதே எஞ்சின். 2000களின் நடுவுல இங்க வித்த வண்டிகளுக்கு இப்போ இருபது வயசை ஒட்டி ஆகுது. அதுக்கப்புறம் ஃபியட் லீனியா டி-ஜெட், போலோ ஜிடி டிஎஸ்ஐ, மறைமலை நகர்ல தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டோட 1.0 ஈக்கோபூஸ்ட் எல்லாம் வந்தாச்சு. ஃபோர்டு 2021ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சுடுச்சு. இன்னிக்கு ஷோரூம்ல வாங்குற சின்ன டர்போ கார்களும் பத்து வருஷத்துல இதே இடத்துக்குத்தான் வரப்போகுது. ஆர்வக்கோளாறு உள்ள நாலு பேரோட பிரச்சினைன்னு இதை ஒதுக்க முடியாது.

‘மிஸ்ஸிங்’ என்ற ஒரே சொல்

‘மிஸ்ஸிங் அடிக்குது’ன்னு நாம சொல்றது குறைஞ்சது மூணு வெவ்வேறு விஷயத்துக்கு.

ஒண்ணு, நிஜமான மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டர்ல அந்தத் தடவை எரிய வேண்டியது எரியலை, இல்லை அரைகுறையா எரிஞ்சது. ரெண்டு, ஆர்பிஎம் முள்ளு மெதுவா ஏறி இறங்குறது. எல்லா சிலிண்டரும் எரியுது, ஆனா கம்ப்யூட்டர் சரியான வேகத்தைத் தேடித் தடுமாறுது. மூணு, எஞ்சின் ஒழுங்காத்தான் ஓடுது, எஞ்சின் மவுன்ட் ரப்பர் செத்துப்போய் உதறலை அப்படியே உடம்புக்குக் கடத்துது.

மூணுக்கும் வைத்தியம் வேற வேற. முதலாவது விட்டுவிட்டு ‘டுப்’னு வரும், ஒழுங்கான தாளம் இருக்காது. ரெண்டாவது அலை மாதிரி ஏறி இறங்கும். மூணாவது ஒரே சீரா நடுங்கும், முள்ளு அசையாது. இந்த வித்தியாசத்தைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். ஆனா வாடிக்கையாளர் ‘மிஸ்ஸிங்’னு சொன்னதுமே அதுவே நோயோட பேரா ஜாப் கார்டுல ஏறிடுது. அறிகுறிக்கு வெச்ச பேரு காரணத்துக்கும் பேரா மாறிடுச்சுன்னா, அதுக்கப்புறம் யாரும் தேட மாட்டாங்க.

ஐடில்ல மட்டும் ஏன்?

இந்தப் புகார்ல இருக்கிற ரொம்ப மதிப்புள்ள தகவல் ‘உதறுது’ங்கிறது கிடையாது. ‘நின்னா மட்டும்’ங்கிறதுதான். அந்த ‘மட்டும்’ பாதி வேலையை முடிச்சுக் கொடுக்கும்.

டர்போ எஞ்சினோட காத்துப் பாதையை மூணு துண்டாப் பிரிச்சுப் பாருங்க. ஏர் ஃபில்டர், காத்தை அளக்கிற மீட்டர்ல இருந்து டர்போ வரைக்கும் முதல் துண்டு. டர்போவுல இருந்து இன்டர்கூலர் வழியா த்ராட்டில் வரைக்கும் ரெண்டாவது. த்ராட்டிலுக்கு அப்புறம் மேனிஃபோல்டு, அதுல சொருகியிருக்கிற சின்னச் சின்ன ஹோஸ் எல்லாம் மூணாவது.

நிக்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் உறிஞ்சுது, காத்து வரலை. அதனால மூணாவது துண்டுல அழுத்தம் வெளிக்காத்துல சுமார் மூணுல ஒரு பங்குதான். எங்க சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து உள்ளே பாயும். நம்ம ஆளுங்க பாஷையில ‘ஏர் புடிக்குது’. ஆக்சிலரேட்டரை மிதிச்சு டர்போ சுத்த ஆரம்பிச்சா, அதே துண்டுல அழுத்தம் வெளிக்காத்தைவிட அதிகமாகும். அதே ஓட்டையில இப்போ காத்து வெளியே போகும். சாதாரண எஞ்சின்ல இந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கிறதில்லை.

கணக்கு போட்டுப் பாருங்க. 1.8 லிட்டர் எஞ்சின் ஐடில்ல வினாடிக்குச் சுமார் 3 கிராம் காத்துதான் சுவாசிக்கும். முழு பலத்துல 100 கிராமுக்கு மேல. 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு, அந்த உறிஞ்சல்ல, வினாடிக்குச் சுமார் அரை கிராம் காத்தை உள்ளே விடும். மீட்டரைத் தாண்டி வந்த காத்து அது, கம்ப்யூட்டர் கணக்குல இல்லாதது. ஐடில்ல அது மொத்தக் காத்துல ஆறுல ஒரு பங்கு. கலவையில பெட்ரோல் குறைஞ்சு, எரிஞ்சும் எரியாம உதறும். முழு பலத்துலயோ அதே ஓட்டை ஒரு சதவீதம்கூட இல்லை, அதுவும் எதிர்த்திசையில. ‘ஓட்டினா சரியாயிடுது’ங்கிறதோட விளக்கம் இது.

இப்போ காயிலைப் பாருங்க. சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடக்கூட, பிளக் இடைவெளியில பொறி தாவுறது கஷ்டமாகும், அதிக வோல்ட் வேணும். பலவீனமான காயில் முதல்ல கையை விரிக்கிறது டர்போ முழுசா ஊதும்போது. மேம்பாலம் ஏறும்போது, மூணாவது கியர்ல அழுத்தும்போது. காயில் மொத்தமா செத்திருந்தா நின்னாலும் ஓடினாலும் உதறும். ‘ஐடில்ல மட்டும் உதறல், அழுத்தினா சுத்தமா போகுது’ங்கிற வண்டியில காயிலை முதல் குற்றவாளியா நிறுத்துறது, சாட்சி சொன்னதைக் கேட்காத தீர்ப்பு.

அதுக்காக ஐடில் உதறல்னாலே ஏர்தான்னு சொல்லிடவும் முடியாது. எரிஞ்சு ஓரம் போன வால்வு ஐடில்லதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். 800 ஆர்பிஎம்ல ஒரு ஸ்ட்ரோக்குக்கு சுமார் 37 மில்லிவினாடி. 3000ல 10 மட்டுமே. கசிய நேரம் அதிகம், அழுத்தம் அதிகம் இழக்கும். அழுக்கடைஞ்ச இன்ஜெக்டரும் அப்படித்தான்; ஐடில்ல அது திறக்கிறதே ஒண்ணு ரெண்டு மில்லிவினாடிதான், அதுல சின்னப் பிசகுகூடப் பெரிய பங்கு. எண்ணெய் படிஞ்ச பிளக், ஒரு பல்லு தாண்டின டைமிங் பெல்ட் எல்லாம் பட்டியல்ல உண்டு. ஆனா ‘எப்போ’ங்கிற கேள்வி இந்தப் பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுக்குது. அந்த வரிசையில காயில் முதல் இடத்துல இல்லை.

ஒர்க்‌ஷாப் பக்க நியாயத்தையும் சொல்லணும். இந்த 1.8 டர்போ எஞ்சினுக்குக் காயில் விஷயத்துல கெட்ட பேரு உண்டு. 2003ல அமெரிக்காவுல ஃபோக்ஸ்வேகனே லட்சக்கணக்கான கார்களுக்குக் காயிலை மாத்திக் கொடுக்க வேண்டிவந்தது. ‘இந்த வண்டின்னா காயில்’ங்கிற நினைப்பு காத்துல இருந்து வரலை, அனுபவத்துல இருந்து வந்தது. ஆனா அனுபவம் சொல்றது பொதுக்கணக்கு. எதிர்ல நிக்கிற வண்டி சொல்றது அதோட சொந்தக் கணக்கு. ரெண்டும் மோதும்போது வண்டியைத்தான் நம்பணும்.

ஸ்கேனர் என்ன சொல்லுது, என்ன சொல்லலை

இன்னிக்கு சின்ன ஒர்க்‌ஷாப்லயும் ஸ்கேனர் இருக்கு. சொருகினா ‘பி0302’ன்னு வருது: ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர். உடனே ரெண்டாவது காயில் கழட்டப்படுது.

இந்தக் கோடு எப்படிப் பிறக்குதுன்னு தெரிஞ்சா அந்த அவசரம் வராது. கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள்ள எட்டிப் பாக்கிறதில்லை. கிராங்க் சுத்துற வேகத்தை, பல்சக்கரத்தோட ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கிற நேரத்தை வெச்சு அளக்குது. ஒரு சிலிண்டர் எரிய வேண்டிய நேரத்துல கிராங்குக்குக் கிடைக்க வேண்டிய தள்ளு கிடைக்கலைன்னா, அந்த சிலிண்டர் பேர்ல கோடு போடுது. ஆக, அந்தக் கோடோட முழு அர்த்தம் ‘இங்க தள்ளு வரலை’ங்கிறது மட்டும்தான். பொறி வரலையா, பெட்ரோல் வரலையா, காத்து அதிகமா, கம்ப்ரஷன் இல்லையா? அது கோடுல எழுதியில்லை. ‘பி0300’ன்னா இன்னும் பொதுவா: பல சிலிண்டர்ல, ஒழுங்கில்லாம. மேனிஃபோல்டுல ஏர் புடிச்சா நாலு சிலிண்டரும் பாதிக்கும். அதனால இந்த ‘300’ வகையும், கூடவே ‘கலவையில பெட்ரோல் குறைவு’ங்கிற ‘பி0171’ம் வந்தா, காயில் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஹோஸைத் தடவிப் பாக்கணும்.

ஸ்கேனர்ல ஃபால்ட் கோடு பக்கத்தைவிட உபயோகமான பக்கம் ஒண்ணு இருக்கு: ஃபியூயல் ட்ரிம். ஆக்சிஜன் சென்சார் சொல்றதை வெச்சு, கணக்குப்படி ஊத்த வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைச்சோ ஊத்துறோம்னு கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற நோட்டு அது. உதாரணத்துக்கு மூணு வண்டி வெச்சுக்குவோம்.

முதல் வண்டி: ஐடில்ல கூட்டல் 20, நின்னபடியே 2500 ஆர்பிஎம்ல வெச்சா கூட்டல் 5. ஐடில்ல பெரிய பற்றாக்குறை, வேகத்துல கரைஞ்சுபோச்சு. த்ராட்டிலுக்கு அப்புறம் ஏர் புடிக்குது. மேல சொன்ன 2 மில்லிமீட்டர் ஓட்டை தர்ற எண்களும் இதுக்குப் பக்கத்துலதான் வரும்.

ரெண்டாவது வண்டி: ஐடில்லயும் 2500லயும் கூட்டல் 15. ஏர் ஓட்டை இப்படி நடந்துக்காது. காத்து மீட்டர் குறைச்சு அளக்குது, இல்லை பெட்ரோல் பிரஷர் போதலை.

மூணாவது வண்டி: ஐடில்ல கழித்தல் 15. பெட்ரோல் எங்கேயோ அதிகமா வருது. ஒழுகுற இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு, இல்லை பிரஷர் ரெகுலேட்டரோட டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. கடைசியைப் பாக்கக் காசே வேண்டாம். ரெகுலேட்டர்ல சொருகியிருக்கிற வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி முகர்ந்து பாருங்க. பெட்ரோல் ஈரம் இருந்தா வழக்கு முடிஞ்சது.

ஆக்டேவியாவுல இந்த ரெண்டு எண்ணையும் கம்பெனியே தனித்தனியாக் காட்டுது. ஃபோக்ஸ்வேகன் குடும்ப ஸ்கேனர்ல 032ஆம் குரூப், முதல் கட்டம் ஐடில், ரெண்டாவது ஓட்டம். 015, 016ல சிலிண்டர் வாரியா மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஓடும். இருபது வருஷமா அந்த கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பக்கம் இது. திறந்து பாக்க அஞ்சு நிமிஷம்.

இப்போ ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்திருக்கு. பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு அதே காத்துக்கு அதிக எரிபொருள் வேணும். சுத்த பெட்ரோலோட ஒப்பிட்டா இ20ல சுமார் 8 சதவீதம் கூடுதலா ஊத்தியாகணும். பழைய கம்ப்யூட்டருக்கு எத்தனால்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ட்ரிம்ல கூட்டி சமாளிக்கும். அதனால ட்ரிம் கொஞ்சம் கூட்டல்ல நின்னா பதற வேண்டாம். எல்லா வேகத்துலயும் ஒரே அளவு கூடியிருந்தா பெட்ரோலோட குணம். ஐடில்ல மட்டும் எகிறினா ஓட்டை. வாட்ஸப்ல ‘இ20னாலதான் எல்லாம்’னு சொல்றவங்களும், ‘அதனால ஒண்ணுமே இல்லை’ன்னு சொல்றவங்களும் இந்த ரெண்டு எண்ணையும் பாத்துட்டுப் பேசினா நல்லது.

இடம் மாத்துறதும் புதுசு மாத்துறதும்

‘மாத்திப் பாக்கிறது’ தப்பான முறைன்னு நான் சொல்லலை. அதோட சரியான வடிவம் ஒண்ணு இருக்கு, அது இலவசம்.

பி0302 வந்திருக்கா? ரெண்டாவது காயிலைக் கழட்டி மூணாவதுல போடுங்க, மூணாவதை ரெண்டாவதுல. கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க. கோடு 0303ஆ மாறினா காயில்தான் குற்றவாளி, சந்தேகமே இல்லை. 0302லயே நின்னா காயில் விடுதலை. அடுத்து பிளக், அதே முறை. பிறகு இன்ஜெக்டர். எதுவும் இடம் மாறலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட். அங்கேயும் மொத்த எண்ணைவிட, நாலு சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான் பாக்கணும்.

இது சோதனை. ஒரே ஒரு விஷயத்தை மாத்தி, மத்த எல்லாத்தையும் அப்படியே விட்டு, பதில் ‘ஆமா’வா ‘இல்லை’யான்னு பாக்கிறது. பதில் எதுவா இருந்தாலும் நமக்கு ஒண்ணு தெரியவருது. புதுக் காயில் நாலு, பிளக் நாலு, த்ராட்டில் பாடி கிளீனிங் எல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. சரியாகலைன்னாலும் எது இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியாது. காசு போச்சு, தகவலும் வரலை.

இங்க நம்ம ஊர் நிலவியல் ஒரு பங்கு வகிக்குது. சிந்தாதிரிப்பேட்டையில இருந்து கூவத்தைத் தாண்டினா புதுப்பேட்டை. பிரிச்ச வண்டிகளோட பாகம் மலை மாதிரி கிடைக்கும். 1730கள்ல கும்பினிக்காரங்க நெசவாளர்களைக் குடியமர்த்தின சின்னத் தறிப் பேட்டைக்கு இன்னிக்கு இப்படி ஒரு பக்கத்து வீடு. புதுசு கிடைக்காத, கிடைச்சாலும் கட்டுப்படியாகாத பழைய வண்டிகளை உயிரோட வெச்சிருக்கிறதுல புதுப்பேட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கேலி பண்றவங்க கூட நான் இல்லை.

ஆனா சோதனைக்கருவியா பழைய பாகத்தை உபயோகிக்கிறதுல ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கு. சோதிக்கிற பொருள் நல்லதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எந்த வண்டியில இருந்து வந்தது, ஏன் அந்த வண்டி பிரிக்கப்பட்டது, வெள்ளத்துல நின்னதான்னு தெரியாத ஒரு காயிலைப் போட்டுட்டு ‘மாத்தியும் போகலை, அப்போ காயில் இல்லை’ன்னு முடிவெடுத்தா, படிக்கல்லே சரியில்லாத தராசுல நிறுத்த மாதிரி. உங்க எஞ்சின்லயே ஒழுங்கா எரியுற மூணாவது சிலிண்டர்ல இருக்கிற காயில்தான் உங்களுக்கு நம்பகமான படிக்கல். அது ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு.

ஹோஸ் விஷயத்துலயோ தலைகீழ். காயில், சென்சார் எல்லாம் பாத்தவுடனே மாத்துறாங்க. ஆனா இந்த எஞ்சின்ல வயசானதும் முதல்ல போறது மேனிஃபோல்டுக்கு அடியில ஓடுற ப்ரீதர் ஹோஸும், அதோட சேர்ந்த ஒருவழி வால்வும். எண்ணெய் ஆவியும் சூடும் சேர்ந்து ரப்பரை நொறுங்கவெச்சுடும். கண்ணுக்குத் தெரியாத இடம், கை விட்டாத்தான் தெரியும். அந்த இடத்துக்குப் பழைய வண்டியில கழட்டின ஹோஸை வாங்கிப் போடுறது, அதே வயசுள்ள இன்னொரு நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைக்கிறதுதான். ரப்பரைப் புதுசாத்தான் வாங்கணும்.

ஓட்டையைத் தேட பெரிய கருவி வேணும்னு கிடையாது. பஞ்சர் கடை லாஜிக் போதும். எஞ்சினை அணைச்சுட்டு, காத்து மீட்டருக்கு அப்புறம் இருக்கிற குழாயை அடைச்சு, ரெண்டு மூணு பிஎஸ்ஐக்கு மேல போகாம மெதுவாக் காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி தடவினா நுரை சொல்லும். அதுக்கு மேல ஏத்தினா ஆயில் சீல் தாங்காது. கார்பரேட்டர் கிளீனரை ஓடுற எஞ்சின் மேல அடிச்சு, ஆர்பிஎம் மாறுதான்னு பாக்கிற வழக்கமும் உண்டு. வேலை செய்யும், ஆனா பக்கத்துல டர்போ கொதிச்சுக்கிட்டு இருக்கு, தீப்பிடிக்கும்ங்கிறதை மறக்கக்கூடாது. புகை விட்டுப் பாக்கிற மிஷின் இருந்தா ரொம்ப நல்லது.

‘அந்தக் காலத்துல காதாலயே கண்டுபிடிப்பாங்க’

இந்தப் பேச்சுக்கும் ஒரு பதில் வேணும். அம்பாசடர், பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்து மெக்கானிக் என்ன செஞ்சார்? ஐடில்ல ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொண்ணாப் பிடுங்குவார். பிடுங்கினதும் எஞ்சின் சத்தம் இறங்கினா அந்த சிலிண்டர் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது. இறங்கலைன்னா செத்தது அதுதான். காது கடைசியில பதிலைக் கேட்டுச்சு, சரி. ஆனா கேள்வியைக் கேட்டது கை. ‘இதை எடுத்தா என்னாகும்?’ங்கிற ஒழுங்கான சோதனை அது. அந்தத் திறமையைக் ‘காது’ன்னு சுருக்கிப் புகழ்ந்து, அதுல இருந்த முறையை மறந்துட்டோம்.

இன்னிக்குக் காரில் அப்படியே செய்யக்கூடாது. ஓடும்போது காயிலைத் தூக்கினா உயர் வோல்ட் வழி தேடி எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கலாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிடும். அதுக்குப் பதிலா இன்ஜெக்டரோட கனெக்டரை ஒவ்வொண்ணாப் பிடுங்கலாம். அதே கேள்வி, பாதுகாப்பான கை. ‘அந்தக் கால அனுபவம்’, ‘இந்தக் கால ஸ்கேனர்’னு ரெண்டு கட்சி பிரிஞ்சு சண்டை போடுறதுல அர்த்தமில்லை. ஒழுங்கா உபயோகிச்சா ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது. சோம்பேறித்தனமா உபயோகிச்சாலும் அப்படித்தான்.

யாரும் படிக்காத பியூசி சீட்டு

பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் எடுக்கும்போது ஐடில்லதான் அளக்கிறாங்க. கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் எத்தனை பிபிஎம்னு சீட்டுலயே அச்சாகி வருது. பிஎஸ்-4க்கு முந்தின, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்-4 கார்களுக்கு 0.3, 200.

ஹைட்ரோகார்பன்னா எரியாம வெளியே வந்த பெட்ரோல். மிஸ்ஃபயரோட நேரடி சாட்சி. ஹைட்ரோகார்பன் எகிறியிருக்கு, மோனாக்சைடு ரொம்பக் கம்மின்னா, பெட்ரோல் குறைவான கலவையில எரியாமப் போகுது, அதாவது ஏர் பக்கம். ரெண்டுமே எகிறினா பெட்ரோல் அதிகம். கன்வெர்ட்டர் நல்லா இருந்தா எண்களை மட்டுப்படுத்திக் காட்டும், அதனால இதை மட்டுமே வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனா போன வருஷச் சீட்டையும் இந்த வருஷச் சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, உதறல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது எந்தப் பக்கம் நகர்ந்துக்கிட்டு இருந்ததுன்னு தெரியலாம். நம்ம கையில இருக்கிற ஒரு நல்ல மருத்துவ அறிக்கையை, போலீஸ்கிட்ட காட்டுற காகிதமா மட்டும் வெச்சிருக்கோம்.

பில்லுல இல்லாத வரி

இவ்வளவும் தெரிஞ்ச மெக்கானிக்குகள் இந்த ஊர்ல இல்லாமலில்லை. அப்புறம் ஏன் ‘மாத்திப் பாத்துடலாம்’?

பில்லைப் பாருங்க. பாகத்துக்கு ஒரு வரி, மாட்டுற லேபருக்கு ஒரு வரி. தேடினதுக்கு வரி எங்க? ஒருத்தர் ரெண்டு மணி நேரம் மேனிஃபோல்டுக்கு அடியில கையை விட்டுத் தேடி, கிழிஞ்ச ஹோஸைக் கண்டுபிடிச்சு மாத்தி, 1500 ரூபா கேட்டார்னு வெச்சுக்குங்க. நாம என்ன சொல்லுவோம்? “இத்தூண்டு ஹோஸுக்கா ஆயிரத்து ஐநூறு?” அதே ஆள் தேடாம நாலு காயிலைப் போட்டு அதுக்குப் பல மடங்கு பில் போட்டா, பெட்டியோட பாகம் கண்ணுக்குத் தெரியுறதால வாயைத் திறக்காமக் கொடுத்துட்டு வருவோம். உதறல் போகலைன்னாலும் ‘காயிலாச்சும் புதுசாச்சு’ன்னு மனசைத் தேத்திக்குவோம்.

டாக்டர்கிட்ட இப்படி நடந்துக்கிறதில்லை. மாத்திரை எழுதலைன்னாலும் பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்கோட அறிவை மட்டும் பாகத்தோட விலைக்குள்ள ஒளிச்சுவெச்சு வாங்க நினைக்கிறோம். அப்போ அவருக்கு இருக்கிற புத்திசாலித்தனமான வழி என்ன? தேடுறதைக் குறைச்சு, மாத்துறதைக் கூட்டுறதுதான். அந்த வாக்கியம் அறியாமையில இருந்து பிறக்கலை. நாம வகுத்த கூலிமுறையில இருந்து பிறந்தது. பெரிய சர்வீஸ் சென்டர்ல பாகம் விக்கிற டார்கெட் இருந்தா இது இன்னும் மோசம்.

இதுல போறது காசு மட்டும்னா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். உதறலோட மாசக்கணக்கா ஓட்டினா கன்வெர்ட்டர் போகும். அதோட விலை பழைய காரோட விலையிலேயே ஒரு பெரிய பங்கு. 15 வருஷம் தாண்டின காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயா ஏறுச்சு. மூணு தடவை மாத்தியும் சரியாகாத வண்டியோட ஓனர் அந்த நேரத்துல எடுக்கிற முடிவு என்னவா இருக்கும்னு ஊகிக்கலாம். நல்ல எஞ்சின் ஒண்ணு, ஒரு ரப்பர் ஹோஸுக்காக எடைக்குப் போகும். அதோட காயில்கள் இன்னொரு வண்டிக்கு ‘மாத்திப் பாக்க’ வரும்.

அதனால அடுத்த தடவை போகும்போது செய்யலாம்னு நான் நினைக்கிறது இவ்வளவுதான். ‘மிஸ்ஸிங்’னு ஒரே வார்த்தையில சொல்லாம, எப்போன்னு சொல்லுங்க: குளிர்ந்த எஞ்சின்லயா சூட்டுலயா, ஏசி போட்டாவா, அழுத்தினா போகுதா கூடுதா. கோடு நம்பரோட சேத்து, ஐடில்லயும் 2500லயும் ஃபியூயல் ட்ரிம் எவ்வளவுன்னு கேட்டு எழுதிக்குங்க. எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, இடம் மாத்திப் பாத்தாச்சான்னு கேளுங்க. முக்கியமா, வண்டியை விடும்போதே சொல்லிடுங்க: “அண்ணே, கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அதுக்குத் தனியா வாங்கிக்குங்க, பில்லுலயே போடுங்க.” முதல் தடவை அவர் ஒரு மாதிரிதான் பாப்பார். ஆனா அந்த ஒரு வரி பில்லுல ஏறினாத்தான், ‘பாத்துட்டு மாத்தலாம் சார்’னு சொல்றது அவருக்குக் கட்டுப்படியாகும்.